இயேசு தம்மைக் கடவுள் என்று சொன்னாரா?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாலைச் சொற்பொழிவு வரிசையில் விவிலியப் படிப்புக் குழுவினர் நிகழ்த்திய உரை)



விழா என்றால் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் சமபந்தி விருந்தும் நமக்கு நினைவுக்கு வரும். அவை வேண்டும்தான். ஆனால் இந்த மாலைப் பொழுதில் எதைப் பற்றிப் பேசுவது என்று எங்கள் குழு கூடி யோசித்தபோது, பலரும் ஒரே கேள்வியைத்தான் சொன்னார்கள். புத்தகத்தில் படித்த கேள்வி அல்ல அது. நம் வீட்டுப் படியேறி வந்து கதவைத் தட்டும் கேள்வி.

பிற்பகல் வேளையில் இரண்டு பேர் வருவார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பை, முகத்தில் புன்சிரிப்பு. மரியாதையாகப் பேசுவார்கள். குசலம் விசாரித்துவிட்டு வேதாகமத்தைத் திறந்து, "இயேசு எந்த இடத்திலாவது 'நான் கடவுள்' என்று சொல்லியிருக்கிறாரா? ஒரே ஒரு வசனம் காட்டுங்கள், போதும்" என்பார்கள். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் கோபப்பட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் "சாமியாரிடம் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அன்று இரவு தூங்குவதில்லை. ஞானோபதேச வகுப்பில் படித்ததெல்லாம் பொய்யோ என்ற ஒரு முள் நெஞ்சில் தைத்துவிடுகிறது.

இது விளையாட்டுக் காரியம் அல்ல என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன மகன் நாலு வருடம் கழித்து வரும்போது வேறொரு நம்பிக்கையோடு வருகிறான். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் உண்ணும் வீட்டில் இரண்டு சபை. தங்கையின் திருமண ஓலை வாசிக்கும்போது கோவிலுக்குள் வர மறுக்கிறான். தாய் இறந்தால் எந்தக் கல்லறை என்ற பேச்சு, தாய் உயிரோடு இருக்கும்போதே அவள் காதில் விழுகிறது. இந்தத் துயரத்தின் வேரில் இருப்பது மேற்சொன்ன ஒற்றைக் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வந்து கேட்பவர்களைப் பகைவர்களாக எண்ண வேண்டாம். யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் அந்தச் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடும்போது எழுந்து நின்றும் பாடாததால், கேரளத்தில் 1985இல் பள்ளியை விட்டு விலக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளுக்கு ஆதரவாகவே தீர்ப்பு வழங்கியது. மனச்சாட்சிக்காக அவர்கள் காட்டிய அந்த உறுதியில் பாதி நம்மிடம் இருந்தால் நல்லது. அவர்கள் கேட்பதும் நேர்மையான கேள்விதான். நேர்மையான கேள்விக்குக் கதவைச் சாத்துவது பதில் ஆகாது.

இப்போது பதிலுக்கு வருவோம். 'நான் கடவுள்' என்னும் அந்த வாக்கியத்தை, அந்தச் சொற்களால், இயேசு சொன்னதாக நான்கு நற்செய்திகளில் எங்கும் இல்லை.

இதைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். திருச்சபைக்கு இது தெரியாததும் அல்ல, திருச்சபை இதை மறைத்ததும் அல்ல. அந்த வாக்கியம் இல்லை என்பதால் அந்த உண்மையும் இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கும் புதியது அல்ல. நம் தமிழ் மண்ணிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

சென்னையில் திருவேங்கடம் என்றொரு வேளாளர் இருந்தார். ஆங்கிலேயர் வீட்டில் ஊழியம் செய்து இங்கிலாந்து வரை போய், அங்கே திருமுழுக்குப் பெற்று வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் பெற்றார். யுனிடேரியன் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவர்களின் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. கடவுள் ஒருவரே, அவர் தந்தை ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்ட மனிதர் என்பது அவர்கள் கொள்கை. ராபர்ட்ஸ் சென்னைக்குத் திரும்பி 1795 முதல் அந்தக் கொள்கையின்படி சிலரைக் கூட்டி வழிபாடு நடத்தினார். 1813இல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு ஆலயமும் எழுந்தது. லண்டனிலிருந்த தாமஸ் பெல்ஷாம் என்னும் போதகருக்கு அவர் எழுதிய கடிதங்கள் அங்கே அச்சாயின. 1838இல் அவர் காலமானார்.

செல்வமும் செல்வாக்கும் இல்லாத ஓர் ஊழியர், நற்செய்தியைத் தாமே வாசித்து, "இயேசு இரவெல்லாம் செபித்தார் என்கிறீர்களே, அவரே கடவுளானால் யாரிடம் செபித்தார்?" என்ற வகையான கேள்வியோடு தனித்து நின்றார். அவர் முடிவு நமது முடிவு அல்ல. ஆனாலும் வேதாகமத்தைத் திறக்காமலே ஆமென் சொல்லிவிட்டுப் போகிற நம்மைவிட அவர் அதை உற்று வாசித்தார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே காலத்தில் வங்காளத்தில் இந்த வழக்கு பெரிய அளவில் மூண்டது. ராஜா ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் நற்செய்திகளிலிருந்து தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். புதுமைகளையும் இறைத்தன்மை பற்றிய பகுதிகளையும் விட்டுவிட்டார். சீராம்பூர் மிஷனைச் சேர்ந்த ஜாஷுவா மார்ஷ்மன் அதைக் கண்டித்து எழுதினார். ராய் மறுப்பு எழுதினார். மார்ஷ்மன் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். 1823 வரை இது நீண்டது. மூன்றாவது மறுப்பை மிஷன் அச்சகம் அச்சிட மறுத்துவிட, ராய் தாமே அச்சகம் ஏற்படுத்திக்கொண்டார். இதற்காக அவர் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார் என்றால் அவர் ஊக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நற்செய்தியை வங்காளியில் பெயர்க்க ராயுடன் உட்கார்ந்தவர்களில் வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் போதகரும் ஒருவர். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில், எல்லாம் வாக்கினால் உண்டாயின என்று எழுதுவதா, வாக்கின் வழியாக உண்டாயின என்று எழுதுவதா என்று வாக்குவாதம் எழுந்தது. ஒரு வேற்றுமை உருபுச் சண்டை! 'வழியாக' என்றால் உண்டாக்கியவர் வேறொருவர் என்றல்லவா ஆகிறது என்று ஆடம் யோசிக்கத் தொடங்கி, 1821இல் ராயின் பக்கமே போய்ச் சேர்ந்தார். 'இரண்டாவது ஆதாமும் விழுந்தான்' என்று கல்கத்தாவில் கேலி பேசினார்கள். அந்த இடத்தில் 'வழியாக' என்றே பெயர்க்கலாம். அதனால் நம் விசுவாசம் ஒன்றும் ஆட்டம் காணவில்லை. தந்தை மகன் வழியாகப் படைத்தார் என்பதே திருச்சபையின் போதனையும்.

ராய் – மார்ஷ்மன் வாதத்தில் வென்றது யார் என்று கேட்டால், எங்கள் எண்ணத்தில் யாரும் வெல்லவில்லை. இவர் பத்து வசனம் அடுக்கினால் அவர் பதினொன்று அடுக்கினார். சந்தையில் தராசுத் தட்டில் படிக்கல் போடுவது போன்ற வேலை அது. திண்ணையில் அமர்ந்து நாமும் வந்தவர்களோடு அதையே செய்தால் பொழுதுதான் சாயும்.

சரி, வசனக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். கத்தோலிக்க விவிலிய அறிஞர் ரேமண்ட் பிரவுன் (1928–1998) இதை நுணுகி ஆராய்ந்தவர். புதிய ஏற்பாட்டில் இயேசுவைக் 'கடவுள்' என்ற சொல்லாலேயே ஐயத்துக்கு இடமின்றிக் குறிப்பிடும் இடங்கள் மூன்று என்றார்: யோவான் நற்செய்தியின் முதல் வசனம், அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் தோமாவின் வாக்கு, எபிரேயர் திருமுகத்தின் முதல் அதிகாரம். வேறு சில இடங்கள் பெரும்பாலும் அப்படியே பொருள்படும், ஆனால் இலக்கண ஐயம் உண்டு என்றார். குருவாக இருந்து ஓர் அறிஞர் இவ்வளவு சிக்கனமாகக் கணக்குக் காட்டுவது நமக்கு நல்ல பாடம். அதிகம் கோருகிறவன் கடைசியில் கையில் இருப்பதையும் இழப்பான்.

யோவானின் அந்த முதல் வசனத்தில் 'ஒரு கடவுள்' என்றே பெயர்க்க வேண்டும் என்பது வீட்டுக்கு வருகிறவர்களின் வாதம். கிரேக்கத்தில் பெயருக்கு முன்னால் சுட்டுச்சொல் ஒன்று வரும், இங்கே அது வரவில்லை என்பார்கள். உண்மைதான், வரவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் யோவான் என்ற மனிதர் கடவுளிடமிருந்து அனுப்பப்பட்டார் என்னும் இடத்திலும் அது வரவில்லை. அங்கே 'ஒரு கடவுளிடமிருந்து' என்று யாரும் பெயர்ப்பதில்லை. வினைக்கு முன்னே பயனிலையாக வரும் பெயர் சுட்டுச்சொல்லை விட்டுவிடுவது கிரேக்க வழக்கம். நம் தமிழுக்கோ இந்தச் சுட்டுச்சொல்லே கிடையாது. நாமாக 'ஒரு' சேர்த்தாலன்றி இந்தச் சண்டை தமிழில் பிறக்கவே வழியில்லை.

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 'கடவுள்' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் என்ன பொருள், இயேசு பிறந்த மண்ணில் என்ன பொருள்?

நாஞ்சில் நாட்டில் ஒரு மனிதரிடம் தெய்வம் விளங்குகிறது என்றால் யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். மாலையைத்தான் எடுப்பார்கள். நம் மாவட்டத்திலேயே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஐயா வைகுண்டரை நாராயணரின் அவதாரமாக மக்கள் வணங்குகிறார்கள். சாமிதோப்புக்குத் தலைப்பாகையோடு போகும் நம் அயலார்களை நாம் அறிவோம், மதிக்கிறோம். அவதாரம் என்ற சிந்தனை நமக்கு அந்நியம் அல்ல. வெ. சக்கரை என்னும் தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையாளர், பிற்காலத்தில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கியவர், இயேசுவை அவதாரம் என்ற சொல்லால் விளக்கி ஒரு நூலே எழுதினார். இதற்கு ஒத்த காட்சி திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. லிஸ்திரா ஊரில் பவுல் ஒரு முடவரை நடக்கச் செய்கிறார். உடனே ஊர் திரண்டு, தெய்வங்களே இறங்கி வந்துவிட்டன என்று காளைகளும் பூமாலைகளும் கொண்டுவந்து பலியிட முனைகிறது. பர்னபாவும் பவுலும் தம் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து தடுக்கிறார்கள்.

ஏன் அப்படிப் பதறினார்கள்? அவர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்பதைக் காலையும் மாலையும் வாயால் அறிக்கையிட்டு வளர்ந்தவர்கள். அவர் பெயரை உச்சரிக்கவே நடுங்கியவர்கள். அந்த மண்ணில் ஒரு தச்சர் எழுந்து 'நான் கடவுள்' என்று சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? 'விண்ணகத் தந்தை நானே' என்றோ, 'இரண்டாவது கடவுள் ஒன்று உண்டு' என்றோதான் விளங்கியிருக்கும். இரண்டும் பொய். தந்தை வேறு ஆள், மகன் வேறு ஆள், ஆயினும் கடவுள் ஒருவரே என்ற உண்மையைச் சொல்ல அன்றைக்கு மொழியே பிறக்கவில்லை. ஆகையால் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லாதது குறை அல்ல. சொல்லியிருந்தால்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் என்பது எங்கள் துணிபு. தந்தையும் மகனும் ஒரே ஆள்தான், பெயர்தான் வேறு என்று போதிக்கும் சபைகளும் இன்று நம் ஊர்ப்பக்கம் உண்டு. அது எதிர்ப்பக்கத்துப் பள்ளம்.

அவர் வாயால் சொல்லாததைச் செயலால் எப்படிக் காட்டினார் என்று பாருங்கள். நற்செய்திகளில் மிகப் பழமையானது என்று அறிஞர் பலர் கருதும் மாற்குவையே எடுத்துக்கொள்வோம். 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரரைக் கூரை பிரித்து இறக்குகிறார்கள். குணமளிக்கும்படிதான் வந்தார்கள். இயேசுவோ முதலில் அவர் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த மறைநூல் அறிஞர்கள், கடவுள் ஒருவரன்றி யார் பாவம் மன்னிக்க முடியும் என்று மனத்துக்குள் பொருமுகிறார்கள். அவர்கள் இறையியல் முற்றிலும் சரி! எனக்கு ஒருவன் தீங்கு செய்தால் நான் மன்னிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவன் செய்த தீங்கை நான் எப்படி மன்னிப்பேன்? இயேசு 'நீங்கள் தவறாக எண்ணுகிறீர்கள், நான் வெறும் மனிதன்' என்று சொல்லவில்லை. படுக்கையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மலைப்பொழிவில், முன்னோர்க்குச் சொல்லப்பட்டது இது, நானோ உங்களுக்குச் சொல்வது இது என்று மீண்டும் மீண்டும் பேசுகிறார். இறைவாக்கினர்கள் எல்லாரும் 'ஆண்டவர் கூறுவது' என்று தொடங்கினார்கள். சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட சட்டத்தின்மேல் 'நான்' என்று கை வைத்தவர் இவர் ஒருவரே.

இன்னொரு இடம் நம் தமிழ் நெஞ்சைச் சுடக்கூடியது. சீடராக வர விரும்பிய ஒருவர், முதலில் தம் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வர அனுமதி கேட்கிறார். இயேசு, இறந்தோரை இறந்தோர் பார்த்துக்கொள்வர், நீ என்னைப் பின்செல் என்கிறார். நம் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள்! மகன் துபாயில் இருந்தாலும் விமானம் பிடித்து வந்து சேரும்வரை தகப்பனின் உடலை வைத்துக் காத்திருக்கிறோம். தகப்பனின் அடக்கத்துக்கு வராத மகனை ஊர் காலத்துக்கும் மன்னிக்காது. யூதர்களிடமும் அந்தக் கடமை அவ்வளவு கடுமையானதுதான், பெற்றோரை மதிப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அந்தக் கட்டளைக்கு மேலே, "என்னை" என்று சொல்லத் துணிந்தவர் யார்? எந்த இறைவாக்கினரும் இப்படிக் கேட்டதில்லை. கடவுள்தான் கேட்கலாம். எங்களுக்கு ஆயிரம் வசனங்களைவிட இந்த ஒன்று கனமாக இருக்கிறது.

கடைசியில் விசாரணை. மாற்கு 14ஆம் அதிகாரம். தலைமைக் குரு நேருக்கு நேர் கேட்கிறார்: நீ மெசியாவா, போற்றுதற்குரியவரின் மகனா? இயேசு ஆம் என்கிறார். அத்தோடு, மானிடமகன் வல்லவரின் வலப்பக்கம் அமர்ந்திருப்பதையும் வானமேகங்கள்மீது வருவதையும் காண்பீர்கள் என்கிறார். தானியேல் நூலும் திருப்பாடலும் அறிந்த தலைமைக் குருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தம் உடையைக் கிழித்தார். தெய்வநிந்தை என்று தீர்ப்பாயிற்று. மத்தேயுவும் லூக்காவும் இதே பதிலைச் சற்று மறைமுகமாகவே தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முடிவு மூவரிடமும் ஒன்றுதான். மெசியா என்று சொல்லிக்கொள்வது மட்டும் சாவுக்குரிய நிந்தை அல்ல. அதற்கு மேல் எதையோ அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

'நானும் தந்தையும் ஒன்று' என்ற கருத்துப்பட யோவான் 10இல் வருவதை நம்மவர்கள் உடனே எடுத்து வீசுவார்கள். அதை மட்டும் ஆணியாக அடித்து எல்லாப் பாரத்தையும் அதில் தொங்கவிட வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. பாளையங்கோட்டையில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள் இந்த ஒருமையை அன்பிலும் திருவுளத்திலும் உள்ள ஒருமை என்றே விளக்கினார். பக்தி மார்க்கத்தில் ஊறிய அவருக்கு அப்படித் தோன்றியது. நாம் அதில் நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்த வசனத்தை அப்படியும் வாசிக்க இடம் இருக்கிறது என்றால், எதிரே இருப்பவர் அந்த இடத்தின் வழியாகத்தான் நுழைவார்.

ஆங்கிலத்தில் சி. எஸ். லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற வாதமும் அப்படியே: அவர் பைத்தியக்காரராக இருக்க வேண்டும், அல்லது பொய்யராக இருக்க வேண்டும், இல்லையேல் ஆண்டவராக இருக்க வேண்டும் என்பது. கேட்க அழகு. ஆனால் "அவர் அப்படிச் சொல்லவே இல்லை, சீடர்கள் பின்னால் சேர்த்தார்கள்" என்று நான்காவது வழியைக் காட்டுகிறவரிடம் அது எடுபடாது. இன்று செல்பேசியில் நம் கல்லூரிப் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் இந்த நான்காவது வழியைத்தான்.

அதற்குத் திருச்சபை பதில் வைத்திருக்கிறது. 1964இல் பாப்பிறை விவிலியக் குழுவும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாட்டு ஏடும், நற்செய்திகள் உருவான விதத்தைப் படிப்படியாகக் காட்டின. முதலில் இயேசு சொன்னதும் செய்ததும். பிறகு உயிர்த்தெழுந்த ஒளியில் திருத்தூதர் போதித்தது. அதன்பின் நற்செய்தியாளர் எழுதியது. சீடர்கள் இல்லாததைச் சேர்க்கவில்லை. முன்னே விளங்காதது பின்னே விளங்கிற்று. தகப்பன் உயிரோடு இருக்கையில் சொன்ன சொல்லின் பொருள், அவர் போன பிறகு மகனுக்குப் புரிவதில்லையா?

'பின்னால்' என்றால் எவ்வளவு பின்னால் என்பதையும் கேட்க வேண்டும். சிலுவைக்குப் பின் ஏறத்தாழ முப்பதாண்டுக்குள் பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, கடவுள் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையானார் என்றும், அவர் பெயர் கேட்டு முழங்கால்கள் யாவும் மண்டியிடும் என்றும் எழுதுகிறார். அறிஞர் பலர் கருத்தில் அது அவருக்கு முன்பே பாடப்பட்ட பாடல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் 'மாரனாதா' என்ற சொல்லை மொழிபெயர்க்காமலே விட்டிருக்கிறார். 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்ற அரமேயச் செபம் அது. கிரேக்கர் கட்டிய கதை என்றால் அரமேயம் எங்கிருந்து வந்தது? இயேசுவின் சொந்த மொழியில், அவர் சொந்த ஊர்க்காரர்கள், அவரை நோக்கியே செபித்தார்கள். அந்த 'மார்' என்ற சொல் நமக்குத் தூரமானதும் அல்ல. மார்த்தோமா என்று மலையாளக் கரையில் சொல்வதும், திருவிதாங்கோட்டு அரப்பள்ளியைக் கட்டியவர் என்று மரபு சொல்லும் அத்தோமாவின் பெயரில் ஒட்டி நிற்பதும் அதே சொல்.

தோமாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை முடியாது. நம்பாதவர் என்று பெயரெடுத்த அவர்தான், காயங்களைக் கண்டபின் இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் தம் கடவுள் என்றும் அழைத்தார். "அது வியப்பில் வாய்தவறி வந்த சொல்" என்பார்கள். நற்செய்தியாளர், தோமா அவரிடம் சொன்னதாகவே எழுதுகிறார். லிஸ்திராவில் பவுல் துணியைக் கிழித்துக்கொண்டு தடுத்தாரே, இயேசு தோமாவைத் தடுத்தாரா? இல்லை. ஏற்றுக்கொண்டார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பாரசீகச் சிலுவையின் கல்வெட்டை இதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. பர்னல் என்ற அறிஞர் அதைக் கிறிஸ்துவைக் கடவுள் என்று குறிக்கும் விதமாக வாசித்தார். பின்வந்தவர்கள் அதை இரக்கம் கேட்கும் மன்றாட்டாக வாசிக்கிறார்கள். ஆகவே அதை விட்டுவிடலாம், தோமாவின் சொல்லே போதும்.

இனி அவர்கள் காட்டும் வசனங்களுக்கும் முகம் கொடுக்க வேண்டும். கடவுள் ஒருவரன்றி நல்லவர் இல்லை, என்னை ஏன் நல்லவன் என்கிறாய் என்று அவரே கேட்கிறார். அந்த நாளும் வேளையும் மகனுக்கும் தெரியாது என்கிறார். தந்தை தம்மிலும் பெரியவர் என்கிறார். சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கதறுகிறார். இவற்றை நாம் மழுப்பக்கூடாது. 451இல் கால்செதோன் சங்கம் அறிக்கையிட்டது, இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்று. பாதி இது, பாதி அது என்று அல்ல.

உண்மையில் நம் பங்குகளில் ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. அவர் கடவுள் என்பதை நாம் மறப்பதில்லை, மனிதர் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பெரிய வெள்ளியன்று பாடுகளின் காட்சியைப் பார்த்துவிட்டு, "அவருக்கு என்ன, மூணாம் நாள் எழும்புவோம்னு தெரியும்லா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்படியானால் கெத்சமனியில் இரத்த வியர்வை நடிப்பா? நம் தேவசகாயம் பிள்ளைக்கு உதயகிரிக் கோட்டையில் டிலனாய் முதலில் சொன்னது யோபுவின் கதை என்பார்கள். துயரத்தில் இருந்தவருக்குத் துயரப்பட்டவரின் கதை. அந்த வழியாக வந்தவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் காற்றாடி மலையில் உயிரையே கொடுத்தார். வலியறியாத ஒரு தெய்வத்துக்காக அவர் சுடப்பட்டிருப்பாரா? கதவைத் தட்டுகிறவர்கள் காட்டும் அந்த வசனங்கள், நாம் தூசி படிய விட்ட பாதியை நமக்கே திருப்பித் தருகின்றன. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் திருச்சபை பட்ட பாடு கொஞ்சமல்ல. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்றார். மாலுமிகளும் மாவரைப்போரும் பாடும்படி அதைப் பாட்டாகக் கட்டினார் என்று பழைய வரலாறு சொல்கிறது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள். அந்தச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டை முன்னிட்டு, 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ, இன்று இஸ்னிக் எனப்படும் அதே ஊரில், கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவர் பர்த்தலமேயுவோடு சேர்ந்து செபித்தார். நம் ஊர்த் தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்களும் இதே நிசேயா அறிக்கையைத்தான் சொல்கிறார்கள். எத்தனையோ காரியத்தில் பிரிந்திருக்கிறோம், இதில் பிரியவில்லை.

இந்த விசுவாசம் நம் முன்னோர்க்கு எப்படி வந்தது? நம் கோட்டாற்றுப் பேராலயத்தின் பாதுகாவலரான புனித சவேரியார் 1544இல் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்குக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். விசுவாச மந்திரத்தை ஒவ்வொரு பிரிவாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து உரக்கப் பதில் சொல்வார்கள். அந்தத் தமிழ் மந்திரத்தில் ஒரு பிழை இருந்தது. நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்திருந்தது. அதே 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம், ஆகவே 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல் என்று சவேரியார் திருத்துகிறார். கொஞ்ச காலம் நம் கரையோர மக்கள் கடவுளின் ஒரே மகனைக் குறித்து 'எனக்கு வேணும்' என்றே சொல்லியிருக்கிறார்கள்! இலக்கணப்படி பிழைதான். இதை எங்கள் குழுவில் சொன்னபோது எண்பது வயதான ஒரு பாட்டி, "அது என்ன தப்பு மக்கா? வேணும்னு உள்ளவனுக்குத்தானே விசுவாசம் வரும்" என்றார். பங்குத்தந்தை அவர்கள் சிரித்துவிட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை கதவு தட்டப்பட்டால் திண்ணையில் நாற்காலி போடுங்கள். வெயில் நேரமாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். ஒரு வசனம் காட்டுங்கள் என்றால், ஒரு வசனம் வேண்டாம், மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தையும் 14ஆம் அதிகாரத்தையும் முழுதாகச் சேர்ந்து வாசிப்போம் என்று சொல்லுங்கள். வாக்குவாதம் முற்றினால் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே இந்தப் பிரிவு வந்துவிட்ட குடும்பங்கள், பிள்ளையோடு பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் எங்கள் குழு பள்ளிக் கட்டடத்தில் கூடுகிறது. இந்தப் பொன்விழா ஆண்டில் மாற்கு நற்செய்தியைத் தொடக்கம் முதல் இறுதிவரை வாசிக்க இருக்கிறோம். சொந்த விவிலியத்தையும், பதில் கிடைக்காத கேள்விகளையும் எடுத்து வாருங்கள். வேறு சபைக்குப் போய்விட்ட மகனோ மகளோ வர விரும்பினால் அவர்களையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கும் நாற்காலி உண்டு.